துபாஷியின் நாவு



பாகூர்ச் செப்பேடு இவ்வட்டத்தார் நன்கறிந்த ஆவணம். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அது வடமொழியிலும் தமிழிலும் பதிந்து வைத்திருக்கிறது. குலப்பெருமை பேச ஒரு மொழி. ஊராரும் அதிகாரியும் நிலத்தை அறிந்துகொள்ள ஒரு மொழி. யாரிடம் எதை எம்மொழியில் சொல்ல வேண்டும் என்ற தெளிவு அன்றைய அரசலுவலில் இருந்தது.

எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரியின் பிரெஞ்சுக் கும்பெனியில் அத்தெளிவு இல்லை. அங்கே தலைமைத் தரகராக இருந்தவர் நயினியப்பப் பிள்ளை. துபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழியாளன் என்று பொருள். அவருக்குத் தெரிந்தவை தமிழும் போர்த்துகீசியமும், பிரெஞ்சு தெரியாது! ஏழைக் கிறித்தவர்களுக்கு அவர் அன்னமிட்டுச் செபமாலைகளையும் வழங்கினார். தமிழ் மரபில் அது கொடையாளியின் பெருந்தன்மை. சேசு சபைப் பாதிரிமாருக்கோ, சமயம் மாறாத ஒருவர் தம் மந்தையில் கைவைத்த செயலாகப் பட்டது. ஒரே செயல், இரண்டு அறங்கள். இடையே நின்று விளக்குவார் எவருமில்லை.

1716இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறைப்பிடித்தார். சாட்சிகள் தமிழில் உரைத்தனர். அது போர்த்துகீசியத்திற்கு மாறி, பிரெஞ்சில் ஏட்டில் ஏறியது. தமக்குப் படிக்கத் தெரியாத அவ்வேட்டின் அடியில் அவர்கள் தமிழில் கையொப்பமிட்டனர். மொழிபெயர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் இந்தக் கையொப்பங்களிலிருந்து தொடங்கலாம். கசையடியும் சிறையும் சொத்துப் பறிமுதலும் தீர்ப்பாயின. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். 1720இல் பிரான்சு தீர்ப்பை நீக்கியது. அதற்குள் அவருக்கு அது பயன்படாமற் போயிற்று. மூத்த மகன் குருவப்பர் பாரீசு சென்று திருமுழுக்குப் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பித் தந்தையின் பதவியை ஏற்றார், 1724இல் மறைந்தார்.

நயினியப்பரின் மைத்துனர் திருவேங்கடப் பிள்ளையின் மகன்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. குடும்பத்தின் இந்தத் துயரம் தெரிந்தே அவர் அவ்வலுவலில் நுழைந்தார். கிறித்தவரான கனகராய முதலியார் 1746இல் இறந்தபின், சமயம் மாறாமலே தலைமைத் துபாஷி ஆனார். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வசமான காலமும் அவருடைய காலமே. துய்ப்ளேக்சிடம் எதைச் சொல்வது, எதை அடக்குவது, எதை முகமன் கூறித் தள்ளிப்போடுவது என்ற கணக்கே அவர் நாட்குறிப்பின் பெரும்பகுதி. பேச்சுத் தமிழில் பிற மொழிச் சொற்கள் கலந்த அந்நடையைக் கொச்சை என்று பண்டிதர் ஒதுக்கியது தவறு. அலுவலகத்தில் அடக்கிய சொற்களுக்கு இடம் தந்தது அந்நடையே.

1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். இடிக்கச் செய்தவர்களின் துபாஷி அவர். அந்நிகழ்வைத் துயரத்தோடு தம் ஏட்டில் எழுதினார். பதவியை விட்டு விலகவில்லை, எழுதுவதையும் நிறுத்தவில்லை.