மணக்குடிப் பாலம்: தூண் நின்றது, தளம் போனது

பாலங்களைப் பத்திப் பேசணும்னு சொன்னதும் எனக்கு மணக்குடிதான் நினைவுக்கு வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் இடம் அது. ஆற்றுக்கு ஒரு கரையில் கீழமணக்குடி, மறு கரையில் மேலமணக்குடி. இரண்டுமே கடலோர மீனவர் ஊர்கள். நடுவில் இருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி தூக்கிக்கொண்டு போனது. கண்ணுக்கு எதிரே தெரியும் ஊருக்குச் சுற்றிப் போகணும். சொந்தக்காரங்க உயிரோடு இருக்காங்களான்னு பார்க்கக்கூட நேர்வழி இல்லை.

பொறியாளர்கள் போய்ப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். தூண்கள் நின்றன, மேல்தளத் துண்டுகள்தான் ஆற்றுக்குள் கிடந்தன. காரணம் ரொம்பச் சாதாரணம். தளம் தன் கனத்தால் மட்டுமே தூண் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் நகராமல் தடுக்க எதுவும் இல்லை. கான்கிரீட் தண்ணீரில் முழுக மூழ்கினால் அதன் எடையில் சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும். கிணற்றுக்குள் குடம் லேசாக இருக்குமே, அதே கதைதான். அந்த நேரத்தில் அலை பக்கத்திலிருந்து தள்ளினால் எப்படி நிற்கும்?

அப்புறம் ராணுவத்தினர் இரும்புச் சட்டங்களைப் பூட்டி பெய்லி பாலம் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு நிரந்தரப் பாலமும் வந்தது. காமராஜர் அமைச்சரவையில் இருந்த லூர்தம்மாள் சைமன் பெயர்தான் அதற்கு.

சுனாமி தினமும் வராது, சரி. ஆனால் ஆற்று வெள்ளமும் இதே மாதிரி பக்கத்திலிருந்துதான் தள்ளும். நாம பாலத்தில் போகும்போது மேலே தாரைத்தான் பார்க்கிறோம். குழி இருந்தால் திட்டுகிறோம். பார்க்க வேண்டியது கீழே: தளமும் தூணும் சேரும் இடம். அங்கே பேரிங் பிதுங்கியிருக்கா, தளம் ஒருபக்கம் நகர்ந்திருக்கா, கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியுதா, தூணின் அடியில் மண் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கா?

தெரிந்தால் கரையில் நின்றே செல்போனில் படம் எடுங்க. தண்ணீர் ஓடும்போது ஆற்றில் இறங்காதீங்க. ஒரு படம் கிட்டத்தில், இன்னொன்று பாலம் முழுசும் தெரியும்படி. 'பாலம் ஆடுது'ன்னு மட்டும் சொன்னால் யாரும் தேடி வர முடியாது. ஆறு, ஊர், எந்தக் கரையிலிருந்து எத்தனையாவது தூண் என்று எழுதி வைத்துக்கொண்டு முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்குப் பேசுங்க. மனு எண் கொடுப்பாங்க, பத்திரமா வைங்க. பதில் வரலைன்னா அந்த எண்ணைச் சொல்லி மறுபடியும் கேளுங்க.