ஊர்த்திடலும் தாய்மொழியும்

(பொழிவின் எழுத்து வடிவம்)



1984ஆம் ஆண்டு செபுதம்பர் 2ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்து நாட்டின் திப்பரேரி மாவட்டத்துத் தர்லசு என்னும் சிறுநகரை நோக்கி மக்கள் திரள்திரளாய்ச் சென்றனர். அந்நாட்டுக் கோற்பந்தின் இறுதிப்போட்டி, ஆண்டுதோறும் தலைநகர் தப்ளினில், குரோக்குப் பூங்கா எனப் பெயரிய பெருந்திடலில் நிகழ்வதே வழக்கம். அவ்வாண்டு மட்டும் அது தர்லசுக்கு மாற்றப்பட்டது. கரணியம் எளிது. நூறாண்டுகட்கு முன், 1884 நவம்பர் முதல் நாளன்று, அச்சிறுநகரின் தங்கல்மனை ஒன்றில், விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கூடிக் கேலிய விளையாட்டுக் கழகத்தைத் தோற்றுவித்தனர். எழுவர் என்பது மரபாகச் சொல்லப்படும் தொகை. நூறாம் ஆண்டில் கழகம் தான் பிறந்த ஊருக்கே மீண்டு வந்து விழாக் கொண்டாடிற்று. கார்க்கு மாவட்டத்தார் ஆபலி மாவட்டத்தாரை வென்று கிண்ணம் பெற்றனர். தர்லசு பெற்றதோ அதனினும் பெரிது.

2009இல் 125ஆம் ஆண்டு விழா, தலைநகரில் ஒளிவிளக்குகளும் வாணவேடிக்கையும் சூழ நடந்தது. 150ஆம் ஆண்டு 2034இல் வரும். ஒரு விளையாட்டுக் கழகத்தின் விழாவைப் பற்றி மொழிக்காவலர் கூடிய அவையில் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். அக்கழகத்தின் வரலாறே அதற்கு விடை தரும்.

கேலியர் என்பார் அயர்லாந்தின் தொல்குடி மக்கள். அவர்தம் தாய்மொழி அயரியம். கோற்பந்து அவர்களின் பழைய ஆட்டம். நம் பள்ளிகளில் ஆடப்பெறும் வளைகோற் பந்தினின்று அது வேறு. பந்தைக் கையாற் பிடிக்கலாம். அகன்ற தலையுடைய கோலில் ஏந்தி ஓடலாம். தலைக்குமேல் உயர்த்தி அடிக்கலாம். பக்கத்திற்குப் பதினைவர். காண்பவர் கண் இமைப்பதற்குள் பந்து திடலின் மறுமுனையில் இருக்கும்.

இவ்வாட்டம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த கொடும் பஞ்சத்தின் பின்னர்ப் பல ஊர்களில் மங்கிப்போயிற்று. மக்கள் மாண்டனர், மாளாதவர் கப்பலேறினர், எஞ்சியவர் ஆங்கிலத்திற்கு மாறினர். ஓட்டம், தாவல் முதலிய தடகளப் போட்டிகளும் ஆங்கிலர் வகுத்த சட்டங்களின்கீழ் நடந்தன. கைத்தொழிலாளரும் கூலியாளரும் பல போட்டிகளில் புகவொட்டாது தடுக்கப்பட்டனர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆகாது என்றனர். உழைப்பவனுக்கு ஓய்வு ஞாயிறு ஒன்றே. அன்று ஆடலாகாது என்றால் அவன் என்றுமே ஆடலாகாது என்பதே பொருள்.

இதனை எதிர்த்து எழுந்தவர் ஒரு பள்ளியாசிரியர். பெயர் மைக்கேல் கியூசக்கு. கிளேர் மாவட்டத்துக் கற்பாறை நிலத்தில் 1847இல், பஞ்சத்தின் நடுவே பிறந்தவர். அயரியமே அவர் தாய்ப்பால். தப்ளினில் அரசுப்பணித் தேர்வுக்கு மாணவரைப் பயிற்றும் கல்விக்கூடம் நடத்திவந்தார். ஆங்கில அரசின் அலுவலுக்கு இளைஞரை அணியப்படுத்திய கைதான் அயர்லாந்தின் ஆட்டங்களை மீட்கவும் எழுதியது! 1884 அக்குதோபரில் அவர் செய்தித்தாளில் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று கிழமைக்குள் தர்லசில் கூட்டம் கூடிற்று. மாரிசு தேவின் என்னும் புகழ்பெற்ற தடகள மறவர் தலைவரானார். பேராயர் குரோக்கு புரவலரானார். கியூசக்கு செயலாளருள் ஒருவரானார். இரண்டே ஆண்டில், 1886இல், அவரைப் பொறுப்பினின்று நீக்கியும் விட்டனர். முன்சினம் மிக்கவர், எவரோடும் ஒத்துப்போகாதவர், வந்த மடல்களுக்கு மறுமொழி எழுதாதவர். தோற்றுவிப்பவனும் நடத்துபவனும் ஒருவனாயிருத்தல் அரிது போலும்.

கழகம் ஓங்கியது எதனால்? ஒரு கோயிற்பங்குக்கு ஒரு மன்றம் என்னும் ஏற்பாட்டால். நாட்டின் பெயரால் ஒரு நடுவணவை அமைத்து, அதனினின்று கீழிறங்கி ஊரைத் தேடவில்லை அவர்கள். ஊர்தான் முதல். ஊர்மன்றம் வென்றால் மாவட்டம். மாவட்டம் வென்றால் நாடு. முதல் நாட்டுப்போட்டியின் கோற்பந்து இறுதியாட்டத்தில் திப்பரேரி மாவட்டத்திற்காக ஆடியவர் தர்லசு ஊர்மன்றத்தார். பிறந்த ஊருக்கு ஆடுதல், ஊதியம் பெறாது ஆடுதல் ஆகிய இவ்விரண்டும் இன்றளவும் அதன் முதுகெலும்பு. குரோக்குப் பூங்காவில் 82,000 பேர் ஆர்ப்பரிக்க ஆடிய ஒருவர், அடுத்துவரும் வேலைநாளில் பள்ளியில் பாடம் சொல்லுவார். அல்லது கறவைமாடுகளைப் பார்க்கப் போவார். பணத்திற்காக அவரை வேறு மாவட்டம் விலைக்கு வாங்கவியலாது. இன்று ஏறத்தாழ 2,200 மன்றங்கள் இம்முறையில் இயங்குகின்றன. உலகின் விளையாட்டெல்லாம் வாணிகமாகிவிட்ட இந்நாளில் இது வியப்பன்றோ?

குருதியும் சிந்திய கழகம் அது. 1920 நவம்பர் 21ஆம் நாள் காலையில் விடுதலைப்படையினர் தப்ளினில் பிரித்தானிய ஒற்றர் பலரைச் சுட்டுக்கொன்றனர். அன்று பிற்பகல் குரோக்குப் பூங்காவில் தப்ளினும் திப்பரேரியும் கேலியக் காற்பந்து ஆடிக்கொண்டிருந்தன. ஆங்கில அரசின் ஆயுதக் காவலர் உள்ளே புகுந்து மக்கள்மீது சுட்டனர். பதினால்வர் மாண்டனர். அவருள் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஓகன், திப்பரேரி அணியினர். அத்திடலின் பெருமாடம் ஒன்று இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

இனி, தூய்மைநோக்குடைய அன்பர் பொறுமையோடு எண்ணவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலக் காற்பந்து, இரக்பி, மட்டைப்பந்து, வளைகோற் பந்து ஆகிய அயலாட்டங்களை ஆடுபவரும் அவற்றைக் காணச் செல்பவரும் கழகத்தில் இருத்தலாகாது என்று ஒரு தடைச்சட்டம் இருந்தது. நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. அதனை ஏளனஞ் செய்வார் அடிமைநோயின் வலியை அறியாதவர். ஆயின் விடுதலைக்குப் பின்னும் அது தொடர்ந்தது. கூட்டங்களில் கண்காணிப்பாளர் அமர்ந்து, ஆங்கிலக் காற்பந்து காணவந்த கழகத்தார் யார் யார் எனக் குறித்தனர்.

1938 நவம்பரில் அத்தடை எங்குப் போய் முட்டிற்று என்பதைப் பாருங்கள். அப்போது அயர்லாந்தின் குடியரசுத்தலைவர் தக்ளசு ஐடு. யார் அவர்? 1893இல் கேலிய மொழிக்கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் தலையாயவர். அயரியத்தின் மீட்சிக்கே தம் வாழ்நாளை ஈந்த புலவர். போலந்து அணியோடு அயர்லாந்து ஆங்கிலக் காற்பந்து ஆடிற்று. நாட்டின் தலைவர் என்னும் முறையில் அவர் அங்குச் சென்றார். கேலிய விளையாட்டுக் கழகம் அவரைத் தன் புரவலர் பொறுப்பினின்று நீக்கியது! மொழிக்கு உயிரூட்டியவரை, ஒரு பந்தாட்டத்தைப் பார்த்த குற்றத்திற்காகத் தள்ளினர். அயலாட்டத்தைக் காணாதவரோ வீட்டிலும் கடையிலும் ஆங்கிலமே பேசிக்கொண்டு, கழகத்தின் நல்லுறுப்பினராய் நீடித்தனர். எதனைக் காக்கத் தடை விதித்தனரோ அதனை மறந்து, தடையைக் காத்தனர். இதனைச் சிறு பிழை என்று தள்ளிவிட இயலாது.

1971இல் பெல்பாசுட்டு நகரில் கூடிய பேரவை அத்தடையை நீக்கியது. கேலிய ஆட்டங்கள் அழிந்துவிடும் என்று அஞ்சினோர் பலர். அழியவில்லை, முன்னினும் ஓங்கின. பிரித்தானியப் படையினரையும் வட அயர்லாந்துக் காவலரையும் விலக்கிய சட்டம் 2001இல் நீங்கிற்று. 2007 பிப்ரவரி 24ஆம் நாள் இங்கிலாந்தின் இரக்பி அணி குரோக்குப் பூங்காவிற்கே வந்தது. ஓகன் மாண்ட அதே திடலில் ஆங்கிலரின் நாட்டுப்பண் ஒலித்தது. கூடியிருந்தோர் அமைதி காத்து நின்றனர். பின் ஆட்டம் தொடங்கிற்று. அயர்லாந்து 43, இங்கிலாந்து 13! தன்பால் வலிமையுள்ளவன் பிறனுக்குத் தன் வாயிலைத் திறந்துவைக்க அஞ்சான்.

வருங்காலத்தை நோக்கிக் கழகம் இப்போது செய்துவரும் ஏற்பாடுகளுள் சிலவற்றைச் சுருங்கச் சொல்லலாம். மகளிர் கோற்பந்துக்கு 1904 முதலும், மகளிர் கேலியக் காற்பந்துக்கு 1974 முதலும் தனித்தனிக் கழகங்கள் உள்ளன. மூன்றையும் ஒன்றாக்க முன்னாள் குடியரசுத்தலைவர் மேரி மெக்கலீசு தலைமையில் குழு அமைந்தது. 2027ஐ இலக்காண்டாக 2024இல் அறிவித்தது. மகளிர் கோற்பந்தில் பாவாடைபோல் தைத்த உடைதான் உடுத்தல்வேண்டும் என்று நெடுங்காலம் இருந்த சட்டத்தை, ஆட்டக்காரப் பெண்டிரே கிளர்ந்தெழுந்து 2025 மேத் திங்களில் மாற்றுவித்தனர். நூற்றிருபது ஆண்டு கழித்து! கோலுக்கும் கேடு வந்துற்றது. ஆசு என்னும் மரத்தின் அடிப்பகுதியில், வேர் வளைந்து கிளைக்கும் இடத்தை அறுத்தே கோல் செய்வர். அம்மரத்தை வாட்டும் பூஞ்சைநோய் 2012இல் அயர்லாந்தில் காணப்பட்டது. மரங்கள் பட்டு வருகின்றன. இன்று மூங்கிற் கோல்களும் திடலுக்கு வந்துவிட்டன. சிற்றூர்களில் இளைஞர் குறைந்து, பதினைவரைச் சேர்க்க இரண்டு மூன்று மன்றங்கள் கைகோக்க நேர்கிறது. தப்ளினைச் சுற்றியோ சிறுவர்க்குத் திடல் போதவில்லை. கழகத்தின் தலைவலிகளுள் இதுவே பெரிது. ஊரையே அடியாகக் கொண்ட கழகம், ஊர் வெறுமையானால் என் செய்யும்?

ஆயின் இவையெல்லாம் ஆட்டத்தின் சிக்கல்கள், உழைத்தால் தீரும். கியூசக்கு கண்ட கனவில் ஆட்டம் ஒரு பாதியே. மறுபாதி மொழி.

அயரியத்தைப் பேணுதல் கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என அதன் சட்டநூல் கூறுகிறது. ஆட்டக்காரர் பட்டியல் அயரியத்தில் எழுதப்படுகிறது. கிண்ணங்களுக்கு அயரியப் பெயரும் உண்டு. கிண்ணம் பெறும் அணித்தலைவன் மேடையேறி அயரியத்தில் சில சொற்கள் சொல்லி, ஆங்கிலத்திற்குத் தாவுவான். முழுவதும் அயரியத்திலே பேசியவர் மிகச் சிலர். கால்வே மாவட்டம் 1923க்குப் பின் 1980இல் முதன்முறையாகக் கோற்பந்தில் வென்றபோது, அதன் தலைவர் சோ கானலி அயரியத்தில் ஆற்றிய உரை இன்றும் நாடெங்கும் நினைவு கூரப்படுகிறது. நினைவு கூரப்படுவதே அதன் அருமைக்குச் சான்று. அன்றாடம் நிகழ்வதை எவரும் நினைவு கூரார்.

2022ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைக் காண்க. அயர்லாந்துக் குடியரசில் அயரியம் பேசத்தெரியும் என்றோர் 18 நூறாயிரத்திற்கு மேற்பட்டவர். பள்ளிக்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவதாகச் சொன்னோர் எத்துணையர்? 71,968 பேர். தெரிந்தவர் கடல், பேசுபவர் கைந்நீர்.

ஒரே கையால் நட்ட இரண்டு செடிகளுள் ஒன்று ஆலமரமாயிற்று. மற்றொன்று தொட்டிச்செடியாய் நின்றுவிட்டது. வேறுபாடு எங்கே? கோற்பந்தைப் பற்றி எவரும் பாடம் நடத்தி மக்களுக்கு ஊட்டவில்லை. ஆறு அகவைச் சிறுவன் கையில் கோலைக் கொடுத்துத் திடலில் விட்டனர். தந்தையும் தமையனும் உடன் ஆடினர். தாய் வேலியோரம் நின்று ஆர்ப்பரித்தாள். மொழியையோ பள்ளியில் தேர்வுக்கும், மேடையில் வணக்கத்திற்கும், தாளில் பெயருக்கும் வைத்தனர். ஆடாத ஆட்டம் எப்படி மறையுமோ அப்படியே பேசாத மொழியும் மறையும். கழகத்திற்கு இது தெரியாததன்று. நாட்டின் எந்த அமைப்பிற்கும் இல்லாத வாய்ப்பு அதற்கு உண்டு: ஊர்தோறும் ஒரு திடல், திடல்தோறும் சிறுவர், சிறுவர்க்கு ஊதியம் வாங்காத பயிற்றுநர். அப்பயிற்றுநர் வாயில் "ஓடு", "பிடி", "இங்கே அடி" என்னும் மூன்று சொல் அயரியமாயின், தேர்வுத்தாள் செய்யாததை அது செய்யும். 2034க்குள் இன்னும் எத்தனை மாடங்கள் எழுப்புவது என்பதினும் இதுவே கேட்கத்தக்க கேள்வி.

கேட்டவரும் உளர். அயரியம் இன்றும் வழங்கும் மேற்குக் கரையோர ஊர்களின் மன்றங்கள் தமக்குள் ஆடும் காற்பந்துப் போட்டி ஒன்று 1969 முதல் நடந்து வருகிறது. அதனினும் வியப்பு, ஆங்கிலம் கோலோச்சும் தப்ளின் நகரிலேயே 2010ஐ ஒட்டி ஒரு மன்றம் தோன்றியது. அதன் பெயர்க்கு இளங்கேலியர் என்பது பொருள். மொழியைப் பள்ளியில் கற்றும் பேச இடமின்றித் தவித்த இளைஞர் கூடி அமைத்தது அது. அங்குப் பயிற்சி அயரியத்தில், கூட்டம் அயரியத்தில், ஆட்டத்திடையே எழும் கூச்சலும் அயரியத்தில். ஆங்கிலம் பேசும் பிற மன்றங்களோடு அவர்கள் நகரப் போட்டிகளில் மோதுகின்றனர். சிலபோது வெல்கின்றனர், சிலபோது தோற்கின்றனர். தோற்ற நாளிலும், பந்து வேண்டுமென்று ஒருவனை ஒருவன் விளிப்பது கியூசக்கு தம் தாயிடம் கேட்ட மொழியிலேதான்.