உதிரத்திலுள்ள இரும்பு
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உதிரம் செந்நிறமாயிருத்தலை நாம் யாவரும் அறிவோம். அந்நிறத்தின் காரணத்தை ஆராய்ந்தோர் நம்மிற் சிலரே. ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பின், நடுவே குழிந்த வட்டத்தட்டுகள் போன்ற சிவப்பணுக்கள் எண்ணிறந்தன தோன்றும். ஒவ்வொன்றினுள்ளும் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் செறிந்துள்ளன. சிவப்பணு முதிருங்காலத்துத் தன் உட்கருவையும் நீக்கி, அப்பொருளுக்கே இடங்கொடுத்து நிற்கின்றது.

ஹீமோகுளோபினாவது புரதமும் இரும்பும் கூடியதொரு பொருள். அதன் ஒரு மூலக்கூறில் நான்கிடங்களில் இரும்பு அமைந்துள்ளது. ஒவ்வோரிடமும் ஒரு பிராணவாயு மூலக்கூறைத் தாங்கும். பிராணவாயு மிகுந்த நுரையீரலில் அதனைப் பற்றிக்கொள்ளும்; அது குறைந்து கரியமிலவாயு மிகுந்த தசைகளில் விட்டுவிடும். பற்றுதலும் விடுதலும் ஆகிய இரண்டும் ஒழுங்காய் நடந்தாலன்றி உயிர் தரியாது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேல் வலிவாய் ஹீமோகுளோபினைப் பற்றி நிற்கும். மூடிய அறையிற் கரியடுப்பு வைத்துறங்குவோர் மாண்டுபோவது இதனாலன்றோ! இம்மூலக்கூறின் வடிவத்தை 1959இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்த மாக்ஸ் பெரூட்ஸ் என்னும் அறிஞர், 1962இல் ஜான் கெண்ட்ரூவுடன் நோபல் பரிசு பெற்றார்.

சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்களே. அழிந்த அணுவின் இரும்பைத் தேகம் வீணாக்காது புதிய அணுவிற்கு வழங்கும். ஆயினும், மாதவிடாயினாலும் பிரசவத்தினாலும் ஸ்திரீகள் இழக்கும் இரும்பு ஆகாரத்தினாலேயே ஈடாதல் வேண்டும்.

இங்கே நம்மை நாமே வினவ வேண்டுவதொன்றுண்டு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுற்றவர்கள். தமிழ்நாட்டில் 53 பேர். நம் வீட்டுப் பெண்கள் மட்டும் இக்கணக்கிற்குப் புறம்பானவர்களா? ஆடவரும் சிறுவரும் உண்டெழுந்தபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் நம்மிடையே அடியோடு ஒழிந்ததா? மாடிப்படி ஏறுங்கால் மூச்சு வாங்கும் மருமகளைச் சோம்பேறியென்று ஏசுவது நியாயமாகுமா? அவள் உதிரத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள் குறைந்திருக்கலாமென நாம் எண்ணியதுண்டா?

பரிகாரம் அரிதன்று. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஸ்திரீகளுக்கு 12 கிராமும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமும் குறையாதிருத்தல் வேண்டும். இதனை அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதித்தறியலாம். கீரையும் பயறும், புலால் உண்போர்க்கு ஈரலும் உதவும். உணவுடன் நெல்லிக்காயோ எலுமிச்சஞ்சாறோ சேர்ப்பின் இரும்பு நன்கு உடலிற் சேரும். உணவோடு தேநீரும் காப்பியும் அருந்துதல் அதனைத் தடுக்கும். இரும்பு மாத்திரையாலும் தீராத சோகை பரம்பரைக் குறையாகவும் இருக்கலாமாதலின், வைத்தியரையே நாடுதல் வேண்டும்.

பெண் கொள்ளுங்கால் அவள் கழுத்திலுள்ள பொன்னை நிறுத்துப் பார்க்கின்றோம். உதிரத்திலுள்ள இரும்பை ஒருவரும் கேட்பதில்லை. பொன் பெட்டியில் உறங்கும். இரும்போ தாயையும் சேயையும் காக்கும். ஆதலின், இன்றிரவு முதல் நம் இல்லத்து ஸ்திரீகளுடன் ஒரே பந்தியில் அமர்ந்துண்போமாக!