பாதம் உரைத்த பாடம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் வைத்தியரல்லோம், மெட்ரிகுலேஷன் வரை பயின்ற ரயில்வே குமாஸ்தா. ஆயினும் நமது பாதம் நமக்குப் புகட்டிய பாடத்தை இம்மேடையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

சென்ற ஆண்டு பங்குனி உத்திரத்தன்று நமது சங்கத்தார் பால்குடம் ஏந்திச் சென்றது நினைவிருக்கும். நாகபுரி வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. இளைஞர்களும் நிழல் தேடி ஓடினர். நாமோ நடுச்சாலையில் நிதானமாக நடந்தோம். முருகன் அருள் என்று பலரும் வியந்தனர். நாமும் உள்ளூர மகிழ்ந்தோம். அன்றிரவு கால் கழுவும்போது மனைவியார் கண்டு பதறினார். உள்ளங்கால் முழுதும் கொப்புளங்கள்!

மறுநாள் மருத்துவர் நம்மைக் கண்மூடச் செய்து, நைலான் இழையொன்றால் பாதத்தைத் தொட்டார். ஆறிடம் தொட்டாராம், நாம் உணர்ந்தது ஓரிடமே. இரத்தத்தைச் சோதித்ததில் நீரிழிவு வெளிப்பட்டது.

மிகுந்த சர்க்கரை நாளடைவில் நரம்புகளைப் பழுதாக்கும். கால்விரல் வரை செல்லும் நீண்ட நரம்புகளே முதலில் கெடும். எறும்பு ஊர்வதுபோலத் தோன்றும். பின்னர் உணர்ச்சியே மறையும். வேலூரில் தொழுநோயாளருக்குப் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமையால் நேரும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று விளக்கினார். நீரிழிவுக்காரர் பாதத்திற்கும் அதுவே பொருந்தும்.

பாதம் வேறு செய்திகளும் கூறும். இரு பாதங்களும் வீங்கி, அழுத்தினால் குழி விழுமாயின் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணியுமாயின் இரத்தக் குழாய் குறுகியிருக்கலாம். இதயக் குழாய்களிலும் அக்குறை இருக்கக்கூடும். புகைபிடிக்கும் அன்பர்கள் கவனிப்பார்களாக. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனை செல்க.

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. சிக்னல் விளக்கு அணைந்திருந்தால், வழி திறந்துள்ளது என்று ஓட்டுநர் கொள்ளலாகாது. அபாயம் என்றே கொண்டு நிற்றல் வேண்டும். நாமோ அணைந்த விளக்கை அருளென்று எண்ணிவிட்டோம்.

இப்பொழுது நாள்தோறும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கின்றோம். வரும் உத்திரத்தில் நாம் பால்குடம் ஏந்தோம். பந்தலில் நின்று நீர்மோர் வழங்குவோம். நீரிழிவுள்ள அன்பர்களும் வெறுங்காலுடன் வெயிலில் நடவாது நம்முடன் பந்தலுக்கு வருமாறு வேண்டுகின்றோம். முருகன் இதனைக் குறையாகக் கொள்ளான்.