முன் லைட் மட்டும் போதாது

(மாலை நேர டியூஷனுக்கும் அதிகாலை மக்தபுக்கும் சைக்கிளில் செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்காக, இஷா தொழுகைக்குப் பின் நடந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜமாஅத்தார்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே!

சைக்கிள் லைட்டைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று வாசலில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். போன டிசம்பர் வரை நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்த டிசம்பரில் ஒரு நாள் மதுரையிலிருந்து காரை நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன். மணி ஏழரை இருக்கும். கப்பலூர் தாண்டி நம் ஊருக்குள் வரும் சாலை. எதிரே ஒரு லாரி, ஹெட்லைட்டை டிம் செய்யாமல் வந்தது. இரண்டு மூன்று விநாடி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. லாரி கடந்து கண் தெளிந்தபோது, பம்பருக்கு முன்னால் ஒரு சைக்கிளின் பின் சக்கரம். ஸ்டியரிங்கை ஒடித்தேன். அல்ஹம்துலில்லாஹ், சைடு கண்ணாடி மட்டும் அவன் ஹேண்டில்பாரை உரசியது. பையன் ஓரத்து மண்ணில் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

வாத்தியார் புத்தி போகுமா? இறங்கிய வேகத்தில், “லைட் இல்லாம ஏம்பா வர்றே?” என்று சத்தம் போட்டேன். அவன் நடுங்கிக்கொண்டே, “லைட் இருக்கு சார், அத்தா போன வாரம்தான் வாங்கிக் குடுத்தாங்க” என்றான். பார்த்தால், ஹேண்டில்பாரில் புத்தம்புது லைட் எரிகிறது. நேராகப் பார்க்க முடியாத அளவுக்கு வெளிச்சம். பின்னால் வந்தேன். மட்கார்டில் இருந்த சிவப்பு வில்லை பாதி உடைந்திருந்தது, மீதியில் சேறு. கேரியரில் கறுப்புப் பை. பின்னாலிருந்து வந்த எனக்கு அந்தப் பையன் இருட்டின் ஒரு துண்டாகத்தான் இருந்தான்.

அவனையும் குறை சொல்ல முடியவில்லை, அவன் அத்தாவையும் குறை சொல்ல முடியவில்லை. கடைக்குப் போனால் நாம் எல்லோரும் கேட்பது ஒன்றுதானே: “நல்லா பவரா இருக்குற லைட்டா குடுங்க.” பிள்ளைக்குப் பாதை தெரிய வேண்டும் என்று நினைக்கிறோம். பாதையில் பிள்ளை தெரிய வேண்டும் என்பது நினைவுக்கு வருவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி. அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையில்கூட இன்னொரு 35 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக ஏறத்தாழ 70 மீட்டர். டிம் லைட்டில் ஓட்டுபவருக்குக் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் 70 மீட்டரில் தெரிய மாட்டார். மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

நாடு முழுவதும் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. நாளைக் கூறுபோட்டுப் பார்த்தால் மாலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள்தான் விபத்துகள் அதிகம். நம் பிள்ளைகள் மஃரிப் முடிந்து டியூஷனுக்குப் போய்வருகிற அதே நேரம்.

பெரியவர்களுக்கு டைனமோ ஞாபகம் இருக்கும். டயரில் உரசிக்கொண்டு “ஊய்ங்” என்று ஓடும். நான் பள்ளியில் படித்த காலத்தில் லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அவருக்குப் பயந்தே டைனமோ மாட்டினோம். அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதில் 2.4 வாட் முன் பல்புக்கு, 0.6 வாட் பின் பல்புக்கு. கணக்குப் போட்டவர்கள் பின்பக்கத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள் பாருங்கள். ஆனால் பின் பல்பு ஃபியூஸ் போனால் மாற்றியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானே மாற்றியதில்லை. ரயில்வே கேட்டில் நின்றால் சக்கரத்தோடு வெளிச்சமும் நின்றுவிடும் என்பது அதன் இன்னொரு குறை.

இப்போது வருகிற சிவப்பு எல்இடி லைட்டுக்கு அந்தக் கவலை இல்லை. பின்பக்கத்துக்கு 20, 30 லூமன் வெளிச்சமே போதும். ஆனால் எங்கே மாட்டுகிறோம் என்பதில் நிறைய பேர் தவறுகிறார்கள். பெட்டியில் இருக்கிற படத்தைப் பார்த்து சீட்டுக்குக் கீழே மாட்டிவிடுகிறோம். அந்தப் படத்தில் இருப்பது கேரியர் இல்லாத சைக்கிள். நம் சைக்கிளில் கேரியர் உண்டு, அதில் புத்தகப் பை உண்டு, சில வீடுகளில் பால் கேனும் அரிசிப் பையும் உண்டு. பெருநாளில் ஜுப்பா பின்னால் தொங்கும். சீட்டுக்குக் கீழே உள்ள லைட் இவற்றுக்கு உள்ளே எரிந்துகொண்டிருக்கும். ஆகவே கேரியரின் கடைசியில், இல்லையென்றால் பின் மட்கார்டில் மாட்டுங்கள்.

தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். இரவில் கார் ஓட்டுபவர்களில் எத்தனை பேர் சைக்கிளில் போகிறவரைக் கண்டுகொள்கிறார்கள் என்று எண்ணினார்கள். கறுப்பு உடை அணிந்திருந்தபோது நூற்றுக்கு 2 பேர். பளீரென்ற பச்சை மஞ்சள் சட்டைக்கு 15 பேர்தான். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்த சட்டைக்கு 50 பேர். அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் அதே பட்டையைக் கட்டியபோது 90 பேர்! கால் மேலும் கீழும் போவதைப் பார்த்ததும் ‘இது மனிதர்’ என்று மூளைக்குப் புரிந்துவிடுகிறது.

நம் பெண்பிள்ளைகள் கறுப்பு புர்காவில் டியூஷனுக்குப் போகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அதன் பலனை இன்றைக்கு நம் பிள்ளைகளும் அனுபவிக்கிறார்கள். இருட்டுக்குப் பயந்து சைக்கிளை நிறுத்தச் சொல்ல வேண்டாம். உடையையும் மாற்ற வேண்டாம். நம்பர் பிளேட் எழுதும் ஸ்டிக்கர் கடையில் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ கேளுங்கள். (அதில் ரேடியம் கிடையாது, பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. விழுகிற ஒளியை வந்த பக்கமே திருப்பி அனுப்பும் தாள், அவ்வளவுதான்.) பின் மட்கார்டில் சிவப்பு, முன்னால் வெள்ளை, பெடலின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள், புத்தகப் பையின் முதுகில் ஒரு பட்டை. பெடல் ஸ்டிக்கரை மறந்துவிடாதீர்கள். சுற்றிச் சுற்றி மின்னுவது அதுதான்.

ஸ்டிக்கர் இருந்தால் லைட் வேண்டாமா என்று கேட்கக்கூடும். வேண்டும். ஸ்டிக்கர் தானாக எரியாது. குறுக்குச் சந்திலிருந்து வருகிற வண்டியின் ஹெட்லைட் அதன்மேல் படும்போது பிள்ளை ஏற்கெனவே நடுரோட்டில் இருப்பான்.

இனி முன் லைட். இதற்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

பெட்டியில் 10,000 லூமன் என்று போட்டு முன்னூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். லூமன் என்பது லைட் மொத்தமாக வெளியிடும் ஒளியின் அளவு. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் தரும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். உள்ளே இருப்பதோ ஒரே ஒரு செல்: 3.7 வோல்ட், 2000 எம்.ஏ.ஹெச். பெருக்கினால் 7.4 வாட்-மணி. 100 வாட்டில் எரிந்தால் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும், கையும் சுட்டுவிடும். ஆகவே அந்த எண் பொய். அதே செல்லில் 300 லூமன் எரிந்தால் 3 வாட்தான் செலவு. விரயம் போக இரண்டு மணி நேரம் நிற்கும். தெருவிளக்கு உள்ள இடத்தில் 100, 150 லூமன் போதும். உசிலம்பட்டி ரோடு போல வெளிச்சம் இல்லாத இடத்துக்கு 300. பள்ளிப் பிள்ளையின் வேகத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. பெட்டியில் எத்தனை மணி நேரம் எரியும் என்றும், மழைச் சாரல் தாங்குவதற்கான ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபோன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுவதாக இருந்தால் வசதி.

வாங்கியதும் சாய்த்து மாட்ட வேண்டும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். லைட் இருக்கும் உயரத்தில் பாதி உயரத்தில் வெளிச்ச வட்டத்தின் நடு விழட்டும். அப்படி வைத்தால் சாலையில் 10 மீட்டர் தூரத்தில் விழும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவன் பள்ளத்தைப் பார்த்து நிற்க அது போதும். நிமிர்த்தி வைத்தால் எதிரே வருபவர் கண் கூசி, அவர் உங்கள் பிள்ளைமேலேயே வந்து இடிப்பார். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவது நன்மை என்று படித்தவர்கள் நாம். ஜெர்மனியில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் சைக்கிள் லைட்டைச் சட்டமே தடுக்கிறது. அங்கே மினுக்கும் லைட்டுக்கும் அனுமதி இல்லை. பிரிட்டனில் 2005-லிருந்து மினுக்கலாம். என்னைக் கேட்டால், கடைவீதியில் மினுக்கட்டும், இருட்டுச் சாலையில் நிலையாக எரியட்டும். மினுக்கினால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருபவருக்குக் கணிக்க வராது.

வாங்கிக் கொடுத்த பிறகு பிள்ளை போட மறந்தால்? டென்மார்க்கில் ஒடென்ஸ் நகரத்தில் 2004-05-ல் 3,845 பேரை வைத்து ஓராண்டு பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சக்கரத்தில் காந்தம் வைத்து, பகலிலும் இரவிலும் தானே எரியும் லைட் கொடுத்தார்கள். அவர்களுக்குக் காயம்படும் விபத்து 19 சதவீதம் குறைந்தது. நம் வீட்டில் அதற்குப் பதிலாக அம்மாவின் குரல் இருக்கிறது. மஃரிப் பாங்கு சொன்னால் லைட் எரிய வேண்டும், அவ்வளவுதான். சுபுஹுக்கும் மக்தபுக்கும் போகும்போதும் அப்படியே. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து பிள்ளைகள் கூட்டமாகத் திரும்பும்போது, கடைசியில் வருகிற சைக்கிளின் பின் லைட் கண்டிப்பாக எரிய வேண்டும்.

இன்னொன்று, நான்குவழிச் சாலையில் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வருகிற தம்பிமார்களுக்கு. அங்கே உங்கள் பின் லைட்டால் ஒரு பயனும் இல்லை. உங்கள் வேகமும் எதிரே வருபவர் வேகமும் கூடித்தான் மோதும். அதற்கு என்னிடம் எந்த லைட்டும் கிடையாது.

வாசலில் சைக்கிளை நிறுத்தியிருப்பவர்கள் இருங்கள். ஸ்குரூ டிரைவரும் ஒரு சுருள் ஸ்டிக்கரும் கொண்டுவந்திருக்கிறேன். முற்றத்து விளக்கை மோதினார் அணைத்துவிடுவார். பெற்றோர்கள் கேட் பக்கம் போய் நில்லுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சைக்கிளைத் திருப்பி, முதுகைக் காட்டி நிற்கட்டும். யார் தெரிகிறார்கள், யார் தெரியவில்லை என்று நீங்களே சொல்லுங்கள். தெரியாதவருக்கு முதலில் ஒட்டுவோம்.