சாவி யார் கையில்?

தோழர்களே, புயலுக்குச் சாதி கெடையாதுன்னு சொல்றாங்க. புயலுக்குக் கெடையாது. பள்ளிக்கூடத்துச் சாவிக்கு உண்டு.

2018 நவம்பர் 16, நடுராத்திரி தாண்டி கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்க சேரி வாய்க்காலோரப் பள்ளத்தில் இருக்கிறது. மேட்டை ஊருக்கும் பள்ளத்தை நமக்கும் பிரித்துக் கொடுத்தது இயற்கை அல்ல. இருந்த ஒரே பெரிய காரைக் கட்டடம் ஊர்த்தெருப் பள்ளிக்கூடம். சாயங்காலமே சாவி கேட்டுப் போனோம். "காலையில பாத்துக்கலாம்"னாங்க. ஒரு தொகுப்பு வீட்டில் முப்பது பேர் நின்றபடியே விடிய வைத்தோம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் நாகை மாவட்ட முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. மறு ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி பார்க்கக் கூடாது என்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கு. சாவி ஊர்த்தெருவில் இருக்கு.

ஆகவே ஐப்பசிக்கு முன்பே சேரியில் கூட்டம் போடுங்கள். எந்தக் கட்டடம், எந்த வழி, அந்த வழி யார் தெருவில் போகிறது என்று பேசி முடிவெடுங்கள். நடக்க முடியாத ஆயாவை, கர்ப்பிணியை யார் கூட்டிப்போவது என்று பெயர் எழுதுங்கள். ரேஷன் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழைப் பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். ஒரு சாவி நம் தெருவில் இருக்க வேண்டுமென்று தாசில்தாரிடம் மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இது பிச்சை இல்ல, தோழர்களே. அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்தது எங்க அம்மா.