பல்லுக்கொழுக்கட்டைக்கு வந்த பிள்ளை

(சங்கத்தின் கொழும்புக் கிளை ஒன்றுகூடலில், களுபோவிலவில் வசிக்கும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவுக்கு லண்டன், ரொறொன்ரோ, பாரிஸ், மெல்பேண் என்று பல இடங்களிலிருந்தும் எங்களுடைய பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பலர் கைக்குழந்தையோடு வருகிறார்களாம். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்கள் சிறுவர் வாட்டிலை வேலை செய்தனீங்கள்தானே, சின்னப் பிள்ளைகளோடை வாறவைக்கு ஏதாவது சொல்லுங்கோ" என்றார். 31 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்தவள் என்ற முறையில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். எழுதியும் பார்த்தேன். பிறகு கிழித்துப்போட்டேன். நான் சொல்ல வேண்டியது தாதியாகக் கற்றதை அல்ல, அம்மம்மாவாக நான் விட்ட பிழையை.

2017ஆம் ஆண்டு. என் மகளுக்கு ரொறொன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். நான் அவளைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்திருந்தேன். ஜூலையில் வந்து, என் வீட்டில் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, பிறகு நல்லூர்க் கொடியேற்றத்துக்கு யாழ்ப்பாணம் போய், திரும்பும் வழியில் பாசிக்குடாவில் இரண்டு நாள் தங்குவதென்று திட்டம். பயணச் சீட்டு மாசியிலேயே எடுத்தாயிற்று.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். நாடு முழுவதிலும் டெங்கு நோயாளர் என்று பதிவானவர்கள் 186,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 400 பேருக்கு மேல். அதன் உச்சம் ஜூலை. ஆஸ்பத்திரிகளில் கட்டில் போதவில்லை. ஓய்வுபெற்றிருந்தாலும் எனக்கு இதெல்லாம் தெரியும். மகள் ஆனி மாதத்தில் கேட்டாள்: "அம்மா, அங்கை டெங்கு கூட எண்டு சொல்லினம். வரலாமோ?"

நான் சொன்னேன்: "எங்கடை வீட்டிலை நுளம்பு இல்லை பிள்ளை. வாங்கோ."

பிள்ளையைத் தூக்க வேண்டும் என்ற ஆசை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. வேறொரு தாய் வாட்டிலே வந்து கேட்டிருந்தால், மார்கழி வரை பொறுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். மார்கழியில் கொழும்பில் குறைந்தால் யாழ்ப்பாணத்தில் கூடும், மாரி மழைக்குப் பின் அங்கே அதன் பருவம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

மகள் அங்கே பயண மருத்துவ நிலையத்துக்கும் போகவில்லை. "நாங்கள் ஊருக்குத்தானே போறம்" என்று மருமகன் சொன்னாராம். இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள், ஏனென்றால் உங்கள் வீடுகளிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். பயண மருத்துவத்தில் எங்களைப் போன்றவர்களைத் தனிக் கூட்டமாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள்: சொந்தக்காரரையும் நண்பரையும் பார்க்கப் போகிற பயணிகள். வெள்ளைக்காரர் பெந்தோட்டைக்கு வருவதென்றால் ஆறு வாரத்துக்கு முன்னரே டொக்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். எங்கள் ஆட்கள் கேட்பதே குறைவு. நாங்கள் இந்த வெயிலிலும் தண்ணீரிலும் நுளம்பிலும் வளர்ந்தவர்கள், சரிதான். ஆனால் அந்தப் பிள்ளை வளரவில்லை. அது ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை. களுபோவில எனக்கு வீடு, அதற்கு வெப்பநாடு.

வந்திறங்கிய அன்றே இரவுக் கட்டிலுக்குப் பெரிய வலை கட்டினேன். அதைப் பற்றி எனக்கு ஒரே பெருமை. ஆனால் டெங்கு நுளம்பு பெரும்பாலும் இரவிலே கடிப்பதில்லை. விடிந்த பிறகும், பின்னேரம் பொழுதுபடுவதற்கு முன்னரும்தான் அதன் நேரம். பிள்ளை அந்த நேரங்களில் எங்கே இருந்தாள்? விறாந்தை யன்னலோரம் ஏணையில். நான்தான் என் பழைய நூல் சேலையில் கட்டினேன். வலை இல்லை. தாலாட்டு மட்டும் இருந்தது.

பத்தாம் நாள் பின்னேரம் காய்ச்சல். 102 பாகை. கீழ் முரசில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நான் சொன்னேன், "பல்லுக் காய்ச்சல்." முப்பத்தொரு வருடம் வேலை செய்த ஒரு தாதி சொன்ன சொல் இது. பல்லு முளைக்கும்போது சிணுங்கும், வீணீர் வடியும், உடம்பு இளஞ்சூடாக இருக்கும். 102 பாகைக்குப் பல்லுக் காரணமில்லை. இதை நானே எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பரசிட்டமோல் நிறைக்குத் தக்க அளவில் கொடுத்தோம். நல்ல வேளை, மகள் கொண்டுவந்த பையில் இருந்த இபுபுறொபென் போத்தலை நான் தொட விடவில்லை. டெங்குவாக இருந்தால் அது இரத்தக் கசிவைக் கூட்டும். கனடாவில் காய்ச்சலுக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற மருந்து அது. இந்த நாட்டில் காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு அது கூடாது. எனக்குள் இருந்த தாதி அந்த ஒரு இடத்தில்தான் விழித்திருந்தாள்.

நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மருமகன் ரொறொன்ரோவுக்குப் போன் எடுத்துச் சொன்னார். நான் கொழுக்கட்டைக்கு மா வறுக்கத் தொடங்கினேன். அடுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். கால் குளிர்ந்திருந்தது. பம்பர்ஸ் விடியற்காலையிலிருந்து நனையவில்லை. அழவும் இல்லை. ஏழு மாதப் பிள்ளை ஒன்று, தூக்கினால் என் கண்ணாடியைப் பிடுங்குகிற பிள்ளை, சும்மா என் தோளில் கிடந்தது.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் அது நடக்கும். அந்த நேரத்தில் நீர் குறைந்தாலும் பிழை, அளவுக்கு மிஞ்சி ஏற்றினாலும் பிழை. அதை வீட்டில் பார்க்க முடியாது. என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நடந்துபோகும் தூரம். நாங்கள் ஓடினோம்.

அந்த இரண்டு இரவும் நான் வாட்டின் மறுபக்கத்தில் இருந்தேன். மணிக்கு மணி சேலைனின் அளவு, சின்னக் கையில் ஊசி, இரத்தப் பரிசோதனை, பம்பர்ஸை நிறுத்துப் பார்த்துச் சிறுநீரைக் கணக்கிடுவது எல்லாம் நான் செய்த வேலைகள்தான். பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பாவம், ஒரு போத்தலில் பப்பாசி இலைச் சாறு பிழிந்துகொண்டு வந்தார். கைகூப்பி வாங்கினேன், பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

வைத்தியர் மகளிடம் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்கு முன்பு டெங்கு வந்திருக்கிறதா?" வந்திருக்கிறது. ஏ.எல். படிக்கும்போது இதே கொழும்பில். அவர் விளங்கப்படுத்தினார். தாயின் உடலில் உள்ள எதிர்ப்புச் சக்தி கர்ப்பத்திலேயே பிள்ளைக்குப் போகிறது. முதல் சில மாதம் அது காவல். பிறகு அது தேய்ந்து, காக்கப் போதாத அளவுக்குக் குறையும்போது, அதுவே வைரஸுக்குத் துணையாகிவிடலாம். அதனால் அரை வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக வருகிற டெங்குகூடக் கடுமையாக வரக்கூடும். இதைத்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஏனென்றால் இந்த மண்டபத்திலும் இந்த மலரை வாசிக்கிறவர்களிலும் கொழும்பில் வளர்ந்து, டெங்கு வந்து மாறி, வெளிநாடு போய்ப் பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். டெங்கு வந்தும் தெரியாமல் மாறியவர்கள் அதைவிடக் கூட.

மூன்றாம் நாள் விடியற்காலை பிள்ளை பெரிய சத்தமாக அழுதாள். வாட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அழுதேன்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக எங்கே நுளம்பு என்று தேடினேன். முற்றத்தில் சிரட்டை இல்லை, பீலி துப்புரவு, பூச்சாடித் தட்டில் தண்ணீர் இல்லை. கடைசியில் கண்டேன். மகள் வருகிறாள் என்று விறாந்தையை அழகுபடுத்த யன்னலில் ஒரு கண்ணாடிப் போத்தலில் மணி பிளான்ட் வைத்திருந்தேன். ஏணைக்கு இரண்டு முழம் தள்ளி. உள்ளே குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. நல்ல தெளிந்த தண்ணீர். அந்த நுளம்புக்கு அதுதான் பிடிக்கும்.

யாழ்ப்பாணம் அந்த முறை போகவில்லை. ஆனால் நீங்கள் போவீர்கள். அதனால் தண்ணீரைப் பற்றி ஒன்று. எங்கள் விடுதிக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எங்களுக்கு அந்தத் தண்ணீரைக் குறை சொன்னால் கோபம் வரும். கோபப்படாமல் கேளுங்கள். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே போடுகிற உரமும் மலகூடக் குழியில் இருந்து ஊறுவதும் சுலபமாகக் கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய் போன்ற தோட்டப் பக்கங்களில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் பலமுறை கண்டது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் சக்தி குறையும்; உதடும் நகமும் நீலம் பாரிக்கும். "நல்லாக் கொதிக்க வைச்சனான்" என்று அம்மம்மாமார் சொல்வார்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஆறு மாதம் வரை, எவ்வளவு வெக்கையாக இருந்தாலும், அதற்குத் தண்ணீர் ஒரு மிடறுகூட வேண்டாம், பால்தான் அடிக்கடி வேண்டும். பால்மா குடிக்கிற பிள்ளைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கிக் கொதிக்க வைத்து ஆறவையுங்கள். மாமியார் முகம் சுளித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி. அதைப் பக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், கரண்டிக் கணக்கில் அல்ல. சின்னமுத்து இல்லாத நாடு என்று 2019இல் எங்களுக்குச் சான்று கிடைத்தது. 2023இல் அது மறுபடி பரவியது, ஆகவே ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு ஊசியை முன்கூட்டிப் போடலாமா என்று அங்கேயே டொக்டரிடம் கேளுங்கள். நுளம்புக்குப் பூசும் மருந்து இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம், வலைதான். கடற்கரைக்குக் காலை ஒன்பதுக்கு முன்போ நாலு மணிக்குப் பின்போ போங்கள், நிழலில் இருங்கள். வாடகை வானில் பிள்ளைக்கு இருக்கை இருக்கும் என்று நம்ப வேண்டாம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், மடி ஒரு இருக்கை அல்ல. மலேரியாவுக்குப் பயப்பட வேண்டாம், 2016இல் அது ஒழிந்த நாடென்று சான்று பெற்றுவிட்டோம். எங்கள் காலத்தில் குயினைன் கசப்பை அறிந்த அக்காமாருக்கு இது நம்ப முடியாத செய்தி.

பல்லுக்கொழுக்கட்டையை அவர்கள் திரும்பிப் போவதற்கு முதல் நாள் அவித்தேன். அதற்குள் இரண்டு பல்லு வந்துவிட்டது. தலையில் கொட்டினபோது ஒன்றைப் பிடித்து வாயில் வைத்துவிட்டாள். தட்டிலே வைத்த பேனை, கண்ணாடி, காப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் பழைய தெர்மாமீற்றர் உறையை எடுத்தாள். அது தட்டில் வைக்கப்பட்டதே அல்ல, என் மடியில் கிடந்தது.

என்னிடம் இப்போது குழந்தைகளை மூடுகிற குடை வலை நான்கு இருக்கிறது. ஒன்று பேத்திக்கு வாங்கியது, மற்ற மூன்றும் பிறகு வாங்கியவை. விழாவுக்குப் பிள்ளையோடு வருகிறவர்கள் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள், நான் கொண்டுவந்து தருகிறேன். பகலில் கட்டுங்கள். ஊருக்குத் திரும்பும்போது கழுவி மடித்துத் தந்துவிட்டுப் போங்கள், அடுத்தவர் காத்திருப்பார்.